இலக்கமும் வாய்மையும்

எமது கல்லூரி அன்னை விழாக்கோலம் பூண்டு நிற்கும் இவ்வேளையில், மலரின் விஞ்ஞானப் பகுதிக்கு ஒரு கட்டுரை தரவேண்டுமென மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டனர். தமிழ் கற்பிப்பவரிடம் பௌதிகவியற் கட்டுரை கேட்பது பொருந்துமா என முதலில் ஐயுற்றோம். ஆயினும் விடுதிச் சாலையில் இரவுப் படிப்பை மேற்பார்வை செய்யும் பணி எமக்கு உண்டு. உயர்தர வகுப்பில் யாமும் ஒருகால் விஞ்ஞானம் பயின்றோம் என்பதை அறிந்த மாணவர் சிலர், பரீட்சை நெருங்கும் நாள்களில் எம்மை அணுகி, "கணக்குச் சரி, விடையும் சரி, புள்ளி மட்டும் குறைந்துவிட்டது. காரணம் என்ன?" என வினவுவதுண்டு. விடைத்தாளை வாங்கிப் பார்ப்போம். கேட்ட விடைக்கு இரண்டு இலக்கங்கள் போதுமான இடத்தில் எட்டு இலக்கங்கள் அணிவகுத்து நிற்கும். கணிப்பானின் முகப்பில் தோன்றியவை யாவும் ஒன்றும் குறையாமல் தாளுக்கு இறங்கியிருக்கும்.

இதனைச் சிறு குற்றமென மாணவர் எண்ணுகின்றனர். "மிகுதியாக எழுதினால் நட்டம் என்ன? குறைத்து எழுதினாலன்றோ பிழை?" என்பது அவர்கள் வாதம். அவ்வாதம் எங்ஙனம் தவறாகின்றது என்பதையும், விடையை மட்டந்தட்டும் முறை யாது என்பதையும் எமக்கு இயன்றவரை ஈண்டு விளக்க முயல்வோம்.

முதற்கண், பொருளுடைய இலக்கம் என்பது யாது? ஓர் அளவீட்டினால் உறுதியாக அறியப்பட்ட இலக்கங்களும், அவற்றின் இறுதியில் ஓரளவு ஐயத்தோடு நிற்கும் ஓர் இலக்கமும் சேர்ந்தவையே அவ்வளவீட்டின் பொருளுடைய இலக்கங்கள் எனப்படும். ஓர் உலோகக் கோலின் விட்டத்தை மூன்று கருவிகளால் அளப்பதாகக் கொள்வோம். மில்லிமீற்றர் பிரிவுகளையுடைய அளவுகோல் 12 மில்லிமீற்றர் என்று சொல்லும். மில்லிமீற்றரின் பத்திலொன்றை உணரும் வேணியர் இடுக்கிமானி 12.4 மில்லிமீற்றர் என்று சொல்லும். நூறிலொன்றை உணரும் நுண்மானித் திருகுக்கணிச்சி 12.37 மில்லிமீற்றர் என்று சொல்லும். கோல் ஒன்றே, அதன் விட்டமும் ஒன்றே. ஆனால் முதலாவது வாசிப்புக்கு இரண்டு, இரண்டாவதற்கு மூன்று, மூன்றாவதற்கு நான்கு எனப் பொருளுடைய இலக்கங்கள் வேறுபடுகின்றன. இலக்கங்களின் தொகை கோலைப் பற்றிய செய்தியன்று. அளந்தவரின் அறிவு எவ்வளவு தூரம் சென்றது என்பதைப் பற்றிய செய்தி.

விறகுகாலைத் தராசையும் பொற்கொல்லர் தராசையும் அறியாதார் யார்? விறகுகாலையில் நிறுத்த கட்டுக்கு மில்லிகிராம் வரை கணக்குச் சொல்பவனை எவரும் நம்பார். அவனுடைய தராசு அதை அறியாது. அளவுகோலால் அளந்துவிட்டு 12.370 என எழுதும் மாணவனும் அவ்வாறே தன் கருவி அறியாத ஒன்றைத் தான் அறிந்ததாகச் சொல்லுகிறான்.

இனி, பூச்சியத்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். மாணவர் பெரிதும் இடர்ப்படுவது இங்கேதான். எமது துறையிலிருந்தே ஓர் ஒப்புமை தருகிறோம். நன்னூல் முதலிய இலக்கண நூல்கள் இடைச்சொற்களுள் இசைநிறை என ஒருவகை கூறும். தனக்கெனப் பொருளின்றிச் செய்யுளின் ஓசையை நிறைத்து நிற்பது அது. 0.0045 மீற்றர் என்னும் அளவிலே முன்னிற்கும் பூச்சியங்கள் இசைநிறை போல்வன. தசமப் புள்ளிக்கு உரிய இடத்தைக் காத்து நிற்பதன்றி வேறு செய்தி அவற்றுக்கு இல்லை. ஐயமிருப்பின் அலகை மாற்றிப் பார்க்க. 0.0045 மீற்றர் என்பது 4.5 மில்லிமீற்றர் ஆகும். முன்னின்ற பூச்சியங்கள் மறைந்துவிடுகின்றன. ஆகவே அவ்வளவுக்குப் பொருளுடைய இலக்கங்கள் இரண்டே.

4.05 இல் இடைநிற்கும் பூச்சியமோ அவ்வாறன்று. பத்திலொன்றுகள் இல்லை என்பதை அளந்து கண்டு சொல்வது அது. 4.50 இல் இறுதியில் நிற்கும் பூச்சியமும் பொருளுடையதே. 4.5 என்றவன் நூறிலொன்றைப் பற்றி வாய் திறக்கவில்லை, 4.50 என்றவன் நூறிலொன்றையும் நோக்கி, அங்கே ஒன்றும் இல்லை எனச் சான்று பகர்கிறான். கணிதத்தில் இரண்டும் ஒன்று. பௌதிகவியலில் இரண்டும் வேறு. 4500 மீற்றர் என்னும்போது மட்டும் இறுதிப் பூச்சியங்கள் அளந்து கண்டவையோ, இடம் நிறைப்பவையோ என்பது விளங்காது. அவ்விடத்து விஞ்ஞானமுறைக் குறிப்பீடு கைகொடுக்கும். 4.5 × 10³ என எழுதின் இரண்டு இலக்கங்கள்; 4.50 × 10³ என எழுதின் மூன்று, 4.500 × 10³ என எழுதின் நான்கு.

அளந்தவற்றைக் கொண்டு கணிக்கும்போது நிகழ்வதை அடுத்து நோக்குவோம். ஒரு செவ்வகத் தகட்டின் நீளம் 12.4 சென்ரிமீற்றர், அகலம் 3.6 சென்ரிமீற்றர். பெருக்கினால் 44.64 வரும். நான்கு இலக்கங்களையும் எழுதலாமா? 12.4 என்பதன் கருத்து, உண்மை நீளம் 12.35 க்கும் 12.45 க்கும் இடையில் உள்ளது என்பதே. அவ்வாறே 3.6 என்பது 3.55 க்கும் 3.65 க்கும் இடைப்பட்டது. இரண்டும் மிகக் குறைந்தனவாயின் பரப்பளவு 43.84, இரண்டும் மிகக் கூடினவாயின் 45.44. அஃதாவது, 44 என்பதிலுள்ள இரண்டாவது நான்கே ஐயத்துக்கு உரியதாகிவிட்டது. அதற்குப் பின் நிற்கும் ஆறும் நான்கும் எதற்குச் சான்று? ஒன்றுக்குமில்லை. ஆகவே பரப்பளவு 45 சதுர சென்ரிமீற்றர் என இரண்டு இலக்கங்களில் நிறுத்துவதே முறை.

பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் உரிய விதி இதிலிருந்து பிறக்கின்றது. தரவுகளுள் எதற்குப் பொருளுடைய இலக்கங்கள் மிகக் குறைவோ அதன் தொகையே விடைக்கும் உரியது. ஒரு பித்தளைத் துண்டின் திணிவு 25.42 கிராம் என நல்ல தராசில் நிறுத்தோம். கனவளவை அளவுசாடியில் நீர் உயர்ந்ததைக் கொண்டு 3.0 கன சென்ரிமீற்றர் எனக் கண்டோம். வகுத்தால் 8.4733 என நீண்டு செல்லும். அடர்த்தி, கன சென்ரிமீற்றருக்கு 8.5 கிராம் என்பதே விடை. இரட்டை மாட்டு வண்டி தளர்ந்த மாட்டின் வேகத்திலேதான் செல்லும். தராசை இன்னும் நுட்பமாக்குவதால் பயனில்லை, அளவுசாடியை மாற்றவேண்டும். பரிசோதனையை எங்கே திருத்தலாம் என்பதையும் இவ்விதி காட்டித் தருவதை மாணவர் கவனிப்பாராக.

கூட்டலுக்கும் கழித்தலுக்கும் விதி வேறு. அங்கே நோக்கவேண்டியது இலக்கங்களின் தொகையன்று, தசம தானம். 25.36, 4.1, 0.152 ஆகிய கிராம்களைக் கூட்டினால் 29.612 வரும். 4.1 கிராமுக்குரியவர் நூறிலொன்றைப் பற்றி ஒன்றும் சொல்லாதபோது, கூட்டுத்தொகை அதைப் பற்றிப் பேசலாகாது. ஆகவே 29.6 கிராம் என்க. கழித்தலிலே ஓர் இடர் ஒளிந்திருக்கின்றது. வெப்பமானி முதலில் 28.0 பாகை, பின்னர் 30.5 பாகை காட்டியது. இரண்டும் மூன்று இலக்கங்கள் உடையன, வேறுபாடாகிய 2.5 பாகைக்கோ இலக்கங்கள் இரண்டே. கலவை முறையால் தன்வெப்பக் கொள்ளளவு காண்பவர், வெப்பநிலை உயர்வு சிறிதாயின் விடை நலிந்துபோவதை இதனால் உணரலாம்.

எண்ணிப் பெற்றவற்றுக்கு இவ்விதிகள் இல்லை. இருபது அலைவுகள் என்றால் இருபதேதான், இருபதரை அன்று. அவ்வாறே சூத்திரத்தில் வரும் 2, 4 போன்ற எண்களும் பை என்னும் மாறிலியும் அளந்து பெற்றவையல்ல. அவை விடையின் இலக்கங்களைக் குறைக்கமாட்டா. பை மாத்திரம் தரவுகளைவிட ஓரிரு இலக்கங்கள் கூடுதலாக எடுக்கப்படல் வேண்டும்.

மட்டந்தட்டும் முறையிலே இரண்டு எச்சரிக்கைகள் போதும். விடவேண்டிய இலக்கம் ஐந்தோ அதற்கு மேலோ ஆயின் முன்னதில் ஒன்றைக் கூட்டுக. ஐந்திலும் குறைந்ததாயின் முன்னதை அவ்வாறே விடுக. ஆனால் இதனை ஒரே தடவையிற் செய்க. 2.346 ஐ இரண்டு இலக்கங்களுக்குக் குறைப்பின் 2.3 ஆகும். முதலில் 2.35 ஆக்கிப் பின்னர் மீண்டும் குறைப்பவன் 2.4 என்னும் பிழையான விடையை அடைவான். மற்றையது, கணிப்பின் நடுவழியில் மட்டந்தட்டாதிருத்தல். இடைப்படிகளிலே ஓரிரு இலக்கங்களை மேலதிகமாகக் கொண்டு சென்று இறுதியில் மட்டும் குறைக்க.

இவை யாவும் பாடப்புத்தகத்தில் உள்ளவையே. இவற்றை யாம் மறவாதிருப்பதற்குக் காரணம் பாடப்புத்தகம் அன்று. எம் வாழ்வில் நிகழ்ந்த ஒரு தலைகுனிவு. அதனை மறைக்காது ஈண்டு எழுதுகிறோம்.

அது 1998 ஆம் ஆண்டு. 1995 இன் இடப்பெயர்வுக்குப் பின் மீண்டும் கூடிய வகுப்பு. ஆய்வுகூடத்தில் எஞ்சியிருந்த கருவிகள் சிலவே. செக்கனின் பத்திலொன்றைக் காட்டும் நிறுத்தற் கடிகாரம் ஒன்று, மாணவர் கைகளில் முறைவைத்துச் சுழன்றது. எளிய ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு ஆர்முடுகலைக் காண்பது அன்றைய பயிற்சி. ஊசலின் நீளம் 1.000 மீற்றர், இருபது அலைவுகளுக்கு எமக்குக் கிடைத்த நேரம் 40.2 செக்கன். இரவல் வாங்கிய கணிப்பானில் கணித்தோம். 9.77164 என வந்தது. புத்தகத்திலோ 9.81 என்று அச்சிடப்பட்டிருந்தது. எமக்கு அச்சம் பிடித்தது. 40.2 ஐ அழித்து 40.1 என எழுதிப் பார்த்தோம். விடை 9.82044 ஆயிற்று. புத்தகத்துக்கு அண்மையில் வந்துவிட்டோம் என மகிழ்ந்து, ஆறு இலக்கங்களையும் அழகாக எழுதிச் செய்முறைக் குறிப்பேட்டை ஆசிரியரிடம் நீட்டினோம்.

அவர் விடையைப் பார்த்தார், எம்மைப் பார்த்தார். "தம்பி, கடைசியில் நிற்கும் இந்த இரண்டு நான்குகளையும் உனக்குச் சொன்னது எது? கடிகாரமா, ஊசலா?" என்றார்.

"கணக்கில் வந்தது, சேர்" என்றோம்.

"கணக்கு அளக்காது. நீ அளந்ததைத்தான் அது திருப்பிச் சொல்லும்" என்று கூறியவாறே தாளை வெளிச்சத்துக்கு உயர்த்தினார். அழிறப்பர் தேய்த்த இடத்தில் 40.2 என்னும் தடம் தெளிவாகத் தெரிந்தது. அவர் எம்மை அடிக்கவில்லை, ஏசவுமில்லை. குறிப்பேட்டைத் திருப்பித் தந்து, "கண்டதை எழுதிக்கொண்டு வா" என்றார். அவ்வளவே. அந்த மூன்று சொற்கள் இன்றளவும் எம் செவியில் ஒலிக்கின்றன.

பின்னாளில் அக்கணக்கை அமைதியாக ஆராய்ந்தோம். 40.1 எனின் 9.82; 40.2 எனின் 9.77. புத்தகத்தின் 9.81 இவ்விரண்டுக்கும் இடையில், எம் கடிகாரத்தின் இரு கோடுகளுக்கு நடுவே கிடந்தது. அதனைச் சொல்லும் ஆற்றல் அக்கருவிக்கு இருக்கவில்லை. 40.2 என்னும் வாசிப்பை 40.15 முதல் 40.25 வரை எனக் கொண்டால், ஆர்முடுகல் 9.75 முதல் 9.80 வரை எங்கும் இருக்கலாம். ஆகவே 9.77 என மூன்று இலக்கங்களில் எழுதும்போதே இறுதி ஏழு ஐயத்துக்குரியது. அதற்கு மேல் யாம் எழுதியவை வெறும் அலங்காரம்.

இதனினும் வியப்பான ஒன்று உண்டு. புவியீர்ப்பு ஆர்முடுகல் எல்லா இடத்தும் ஒன்றன்று. புவி நடுக்கோட்டில் அது ஏறக்குறைய 9.78, முனைவுகளில் ஏறக்குறைய 9.83. புத்தகத்தில் நாம் படித்த 9.81 இலண்டன் போன்ற இடங்களுக்குப் பொருந்துவது. நடுக்கோட்டுக்கு வடக்கே பத்துப் பாகைக்குள் அமைந்த யாழ்ப்பாணத்தில் அது 9.78 ஆகும். அப்படியாயின், யாம் அழித்துவிட்ட 9.77 உண்மைக்கு அண்மையிலும், பொய்யாக எழுதிய 9.82 உண்மைக்குச் சேய்மையிலும் இருந்தன. பழைய கடிகாரமும் நூலிற் கட்டிய குண்டும் எமது மண்ணைப் பற்றிய உண்மையைச் சொல்ல, யாம் அதனை அழித்துவிட்டுத் தூரதேசத்துப் பெறுமானத்தை நாடி ஓடினோம். அந்தப் பொய்க்குப் போர்த்திய போர்வையே அந்த மிகையான இலக்கங்கள். திருக்குறளிலே பயனில சொல்லாமை ஓர் அதிகாரம், வாய்மை ஓர் அதிகாரம். ஆய்வுகூடத்திலே இவ்விரண்டும் ஒன்றாகிவிடுகின்றன என்பதை யாம் அறிந்தது அன்றுதான்.

இக்காலத்து மாணவர் கையில் எண்முறைக் கடிகாரம் இருக்கின்றது. அது 40.18 என நூறிலொன்றையும் காட்டும். காட்டுவதால் அது அறிந்ததாகாது. கண் கண்டு விரல் அமுக்குவதற்கிடையே செக்கனின் பத்திலொன்று, இரண்டு கழிந்துவிடும். ஆதலால் அந்த எட்டை நம்பலாகாது. கருவியின் முகப்பு எத்தனை இலக்கங்களைக் காட்டுகின்றது என்பது வேறு. அளவீடு எத்தனையைத் தாங்கும் என்பது வேறு.

இதுகாறும் கூறியவற்றால், இலக்கங்களைக் குறைத்தலே நன்று என எவரும் முடிவு செய்துவிடலாகாது. அளந்து பெற்ற இலக்கத்தை எறிந்துவிடுதலும் குற்றமே. இதற்கு விஞ்ஞான வரலாற்றிலே ஒரு சிறந்த சான்று உண்டு. இங்கிலாந்தின் றேலிப் பிரபு நைதரசன் வாயுவின் அடர்த்தியை நுணுக்கமாக ஆராய்ந்தார். ஒரே கண்ணாடிக் கோளத்தில், வளியிலிருந்து பெற்ற நைதரசனை நிரப்பி நிறுத்தபோது ஏறக்குறைய 2.310 கிராம், இரசாயனச் சேர்வைகளிலிருந்து பெற்ற நைதரசனை நிரப்பி நிறுத்தபோது ஏறக்குறைய 2.299 கிராம். இரண்டு இலக்கங்களுக்கு மட்டந்தட்டினால் இரண்டும் 2.3 ஆகிவிடும், வேறுபாடு மறைந்துவிடும். றேலி அவ்வாறு செய்யவில்லை. தம் தராசு அந்த நுட்பத்தைத் தாங்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். 1892 ஆம் ஆண்டில் அவ்வேறுபாட்டை வெளிப்படையாக எழுதி, காரணம் கூறுமாறு பிறரையும் வேண்டினார். வில்லியம் றாம்சேயும் அவரும் தொடர்ந்து ஆராய்ந்தபோது, வளியில் மறைந்திருந்த ஆகன் என்னும் புதிய வாயு 1894 ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. 1904 ஆம் ஆண்டின் நோபெல் பரிசுகளுள் பௌதிகவியலுக்குரியது றேலிக்கும், இரசாயனவியலுக்குரியது றாம்சேக்கும் கிடைத்தன. றேலி எழுதிய இலக்கங்களின் பின்னே பொறுமையான நிறுத்தல்கள் இருந்தன. யாம் எழுதிய 9.82044 இன் பின்னே ஓர் அழிறப்பர் இருந்தது. இலக்கம் மிகுதலும் குறைதலும் அல்ல, அதற்குச் சான்று உண்டா என்பதே வினா.

இறுதியாக, பரீட்சை எழுதும் மாணவர்க்குச் சில கூறுவோம். விடை எழுதுமுன் வினாவில் தந்த தரவுகளை ஒருமுறை நோக்குக. அவை மூன்று இலக்கங்களில் இருப்பின் விடையும் மூன்றில் அமைக. கேம்பிரிட்ஜ் சர்வதேச உயர்தரப் பரீட்சையின் செய்முறைத் தாளிலே, கணித்த பெறுமானத்தை இத்தனை இலக்கங்களில் எழுதியதேன் எனக் காரணம் கேட்பதுண்டு. தரவுகளுள் மிகக் குறைந்ததன் தொகை, அல்லது அதைவிட ஒன்று கூடுதல் என்பதே அங்கு ஏற்கப்படும் வழக்கம். காரணம் கூறும்போது, "தரவுகளின்படி" எனப் பொதுவாகச் சொல்லாது, எந்த அளவீட்டினால் அது தீர்மானிக்கப்பட்டது எனப் பெயர் சுட்டி எழுதுக.

எமது நாட்டின் உயர்தரப் பௌதிகவியல் வினாத்தாளிலே கணிப்பானுக்கு இடமில்லை. ஈர்ப்பு ஆர்முடுகலை 10 எனக் கொள்ளுமாறு தாளிலேயே குறிப்பிடுவது வழக்கம். அந்தப் பத்து அளந்து பெற்றதன்று. கணிப்பை எளிதாக்கக் கொடுக்கப்பட்டது. அதைக் கொண்டு ஐந்தாறு தசம தானங்கள்வரை வகுத்துக்கொண்டே செல்பவன் புள்ளியையும் பெறான், நேரத்தையும் இழப்பான். எத்தனை இலக்கங்கள், எத்தனை தசம தானங்கள் என வினாவே கேட்டிருப்பின், எமது விதிகளை ஒருபுறம் வைத்து வினாவுக்குப் பணிக. அட்டவணையிலே ஒரு நிரலில் எழுதும் வாசிப்புகள் யாவும் ஒரே தசம தானத்தில் இருத்தல் வேண்டும், 40.2, 39.8 என எழுதியவன் அடுத்ததை 40 என எழுதாது 40.0 என்று எழுதுக. அலகை மறவற்க.

பொருளுடைய இலக்க விதிகள் மொத்தத்தில் ஒரு கைவிளக்குப் போன்றவை. வழுவை முறையாகக் கணித்து, இத்துணை கூடியோ குறைந்தோ இருக்கலாம் எனக் கூறுவதே முழு வெளிச்சம். மேல்வகுப்புக்குச் செல்வோர் அதனையும் பயில்வர். ஆயினும் கைவிளக்கை முறையாகப் பிடிக்கப் பழகியவனே பின்னர் இடறாது நடப்பான்.

எமக்குக் கற்பித்த அந்த ஆசிரியர் இன்று இல்லை. யாம் பயிற்சி பெற்றுத் தமிழாசிரியராகி, பௌதிகவியலை விட்டு விலகி வந்துவிட்டோம். எனினும் மாணவரின் கட்டுரைகளைத் திருத்தும்போதெல்லாம், அறியாததை அறிந்ததுபோல எழுதிய இடங்களில் எம் சிவப்பு மை நின்றுவிடுகின்றது. ஓரத்தில் யாம் எழுதுவது ஒன்றே: "கண்டதை எழுதிக்கொண்டு வா." இந்த ஆய்வுகூடத்திலும் வகுப்பறைகளிலும் இனிப் பயிலவரும் இளையோர் கண்டதைக் கண்டவாறு எழுதி, கல்லூரி அன்னையின் பெயரை விளக்குவார்களாக.